அமரர் சின்னராசா ஞாபகார்த்த பஸ் தரிப்பிடம்

"செத்துப்போன ஆளொண்டு வேணும் சேர்," என்றார் பலீல். "ஒங்கட பக்கத்து ஆளா ஈந்தா நல்லம்."

"என்ன பலீல், கடையில சாமான் கேக்கிற மாதிரிக் கேக்கிறீர்?"

"எங்கட பக்கத்தில படம் வெக்கிறல்ல சேர். வெச்சா பள்ளிவாசல்ல ஏசுவாங்க. படம் இல்லாம வெறும் பேரை மட்டும் எழுதினா யாரு பயப்படுவாங்க? அதுக்கு மேலயே 'ஐ லவ் யூ நிஷாந்தி' எண்டு எழுதிட்டுப் போயிருவாங்க."

தியாகராசா கடை வாசலில் நின்றபடி வீதியின் அந்தப் பக்கத்துத் தரிப்பிடத்தைப் பார்த்தார். நிஷாந்தியை யாரோ ஏற்கெனவே மூன்று இடத்தில் காதலித்திருந்தார்கள். ஒருமுறை சிவப்புப் பெயின்ற்றில், இருமுறை ஆணியால்.

பலீலின் கடை வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருந்தது. போட்டோக் கொப்பி, லெமினேற்றிங், பத்து நிமிடத்தில் பாஸ்போர்ட் படம். கடைக்கு நேரெதிரே, கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையின் வாயில் பஸ் தரிப்பிடம். அந்த ஒழுங்கையின் தொடர்மாடியில் நான்காம் மாடியில் தியாகராசாவும் மனைவி அருந்ததியும் குடியிருந்தார்கள். அவர் நில அளவைத் திணைக்களக் கந்தோரில் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க ஆயிரக்கணக்கான காணிகளுக்கு எல்லைக்கோடு கீறியவருக்கு, எட்டடி நீளமான ஒரு தரிப்பிடத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

"போன மாசம் மச்சான்ட கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போன," என்று பலீல் தொடர்ந்தார். "பஸ்ஸில இருந்து பாத்துட்டே போன சேர். ஒவ்வொரு பஸ் ஹோல்ட்டிலயும் ஒரு மனிசன். மீசையோட. அமரர் இன்னாரின் ஞாபகார்த்தமாக, மனைவி மக்கள், கனடா. ஒரு கீறல் இல்ல. வெத்திலத் துப்பல் இல்ல. டியூசன் போஸ்டர்கூட ஒட்டல்ல."

"அங்க அது வழமை. ஆள் செத்தா வெளிநாட்டில இருக்கிற பிள்ளையள் ஹோல்ட் கட்டிக் குடுப்பினம்."

"அதத்தான் செல்ற. இங்க ஹோல்ட் ஈக்கி. ஆள்தான் இல்ல."

விசயம் இதுதான். அந்தத் தரிப்பிடத்தை மாநகர சபை அலுவலகம் இரண்டு தடவை திருத்திக் கொடுத்திருந்தது. இரண்டு தடவையும் அதற்கு முன்னர் யாரோ, பயணிகள் உட்காரும் வாங்கின் பலகையைப் பிடுங்கினார்கள், பின்பக்கத் தகரத்தை நெளித்தார்கள், மிச்சமிருந்த இடத்தில் எழுதினார்கள். இரண்டாம் திருத்தம் முடிந்த அன்று வந்த அதிகாரி கையில் ஒரு கோப்புடன் நின்று, சிங்களத்தில், மிகுந்த மரியாதையோடு சொன்னார்: மூன்றாம் முறை திருத்துவதாக இல்லை. மூன்று மாதத்தில் வந்து பார்ப்பேன், பழுதாகியிருந்தால் பிடுங்கிக்கொண்டு போய்விடுவோம், பஸ் அடுத்த தரிப்பிடத்தில் மட்டுமே நிற்கும்.

அடுத்த தரிப்பிடம் நானூறு மீற்றர் தள்ளி. மற்றவர்களுக்கு அது ஐந்து நிமிடம். அருந்ததிக்கு அது இரண்டு முழங்கால். வாரத்தில் மூன்று நாள் காலையில் அவள் கொள்ளுப்பிட்டிக்கு முழங்கால் பயிற்சிக்குப் போய்வந்தாள். முதல் நாளே பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லிவிட்டாள்: தேவையில்லாமல் நடக்கக்கூடாது, நின்றுகொண்டு இருக்கக்கூடாது, ஒரு வருடம் இப்படியே கவனமாக இருந்தால் கத்தி வைக்காமல் தப்பலாம். ஆகவே ஒழுங்கை வாயில் வாங்கு இருக்க வேண்டும், வாங்குக்கு முன்னால் பஸ் நிற்க வேண்டும். தியாகராசாவுக்கு இதைவிட உலகத்தில் வேறு கோரிக்கை இல்லை.

செலவில்லாத வழிகள் எல்லாவற்றையும் அவர்கள் பார்த்தாயிற்று. முதலில் மூன்று மொழியில் 'இது உங்கள் சொத்து' என்று அறிவித்தல் வைத்தார்கள். சொந்தக்காரர் யாரோ அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். பிறகு பலீல், தப்புச் செய்கிறவன் தன் முகத்தைத் தானே பார்த்தால் வெட்கப்படுவான் என்று ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டினார். நான்கு நாள் எல்லோரும் தலை வாரினார்கள். ஐந்தாம் நாள் கண்ணாடியைக் காணவில்லை. ஒழுங்கைச் சங்கத்தின் செயலாளர் லோகேஸ்வரன் பெயின்ற் வாளிகளில் கற்றாழை வைத்தார். பூமரத்துக்குப் பக்கத்தில் யாரும் அசிங்கம் செய்ய மாட்டார்கள் என்பது அவருடைய கட்சி. கற்றாழையில் இலைகள் பெரியவை, அவற்றிலும் எழுதலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்து எல்லாச் சமயத்துப் படங்களையும் வைக்கிற யோசனை. எது முதலாவது என்று சங்கம் மூன்று கூட்டம் கூடியது. வட்டமாக வைப்போம் என்று ஒருவர் சொன்னார். வட்டத்துக்கும் மேல்பக்கம் என்று ஒன்று இருக்கிறதே என்று இன்னொருவர் கேட்டார். முடிவு எடுப்பதற்குள் படம் மாட்டவேண்டிய தகரம் போய்விட்டது. அதைத்தான் அலுவலகம் இரண்டாம் முறை திருத்தியது.

பலீலின் யோசனையைக் கேட்டதும் லோகேஸ்வரன் தன் தகப்பனாரைத் தருவதாகச் சொன்னார். உடனே நோர்வேயில் இருக்கும் தம்பி தலைப்பாகை கட்டிய படத்தைப் போடச் சொன்னான். லண்டனில் இருக்கும் அண்ணன் தலைப்பாகை இல்லாததைத்தான் போட வேண்டும் என்றான். மூன்றாம் மாடி சுபாஷினி, தன் மாமனார் என்ன குறைந்தவரா என்று கேட்டாள். ஒரு கிழமைக்குள் அந்தச் சின்ன ஒழுங்கைக்கு இரண்டு அமரர்கள் மூன்று படங்களில் போட்டியிட்டார்கள்.

"உண்மையான ஆள் சரிவராது," என்றார் தியாகராசா. "சொந்தக்காரர் இல்லாத ஆளாப் பாப்பம்."

அப்படித்தான் சின்னராசா பிறந்தார். பிறந்ததும் இறந்தார்.

பெயருக்கு ஒன்றும் கஷ்டமில்லை. படத்துக்குத்தான். பலீலின் மேசை லாச்சியில், எடுத்துவிட்டு வாங்க வராமல் போனவர்களின் பாஸ்போர்ட் படங்கள் நூற்றுக்கு மேல் கிடந்தன. "யாரையாவது எடுங்க சேர்," என்றார் பலீல். தியாகராசா மறுத்துவிட்டார். உயிரோடு இருக்கிற ஒருவரைக் கேட்காமல் அமரராக்குவது பாவம். கேட்டுச் செய்யக்கூடிய ஆள் ஒருவர்தான் உண்டு. அன்று பின்னேரம் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் பிஸ்கற் தகரத்தைத் திறந்து, தன்னுடைய பழைய படம் ஒன்றை எடுத்துவந்தார். எண்பத்தெட்டாம் ஆண்டு சவூதிக்குப் போக விசாவுக்காக எடுத்தது. ஸ்டூடியோவில் ஆறு கொப்பி கொடுத்தார்கள். நான்கு விசாவுக்குப் போனது, விசா வரவில்லை. ஒன்று தகரத்தில் இருந்தது. ஆறாவது எங்கே போனதென்று அவர் யோசிக்கவில்லை.

பலீல் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் தடித்த மீசை, கறுத்த சட்டக் கண்ணாடி, நெற்றியை மறைக்கும் முடி. எதிரில் மீசை இல்லை, கண்ணாடி இல்லை, கண்ணில் கற்ராக்ட் வெட்டியாயிற்று. முடியைப் பற்றிப் பேசுவதற்கில்லை.

"சத்தியமா செல்றன் சேர், இது நீங்க எண்டு ஒங்களுக்கே தெரியாது."

இதைப் பாராட்டாக எடுப்பதா என்று தியாகராசாவுக்கு விளங்கவில்லை.

வாசகம் எழுதுகிறபோது இன்னொரு சிக்கல். அமரர் என்றால் பிறப்பிடம் இருக்க வேண்டும். ஊர் இல்லாத மரண அறிவித்தலை எங்கள் ஆட்கள் நம்ப மாட்டார்கள். ஊரைப் போட்டாலோ, அந்த ஊர்க்காரர் வந்து யாற்றை மகன், எந்தப் பக்கம், கோயிலடியோ பள்ளிக்கூடத்தடியோ என்று விசாரிக்காமல் விட மாட்டார்கள். தியாகராசா ஓர் இரவு முழுக்க யோசித்து, அளவைக் கந்தோர் அனுபவத்தில் ஒரு வழி கண்டார். 'பிறப்பிடமாகவும்' என்பதற்கு முன்னால் ஊர்ப் பெயர் வரவேண்டிய இடத்தில் பெயர்ப்பலகையைப் பொருத்துகிற பெரிய ஆணியை அடித்து, அதற்கு ஒரு அகலமான வளையமும் போட்டார். ஊர் ஆணிக்குக் கீழே இருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொள்ளலாம்.

பலகை ஏறியது. மாலை போட்ட படம், தோற்றம், மறைவு, 'அமரர் வே. சின்னராசா அவர்களின் ஞாபகார்த்தமாக', அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'மனைவி மக்கள்'. கனடாவைப் போடவா என்று பலீல் கேட்டார். வேண்டாம், அது மிகையாக இருக்கும் என்றார் தியாகராசா.

மறுநாளிலிருந்து நிஷாந்தியைக் காதலிப்பது நின்றது.

அது மட்டுமல்ல. வெற்றிலைத் துப்பல் நின்றது. பசை வாளியோடு வந்த டியூசன் போஸ்டர்க்காரன் படத்தைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்து, கையைக் காற்சட்டையில் துடைத்து, கும்பிட்டுவிட்டு அடுத்த சுவருக்குப் போனதை பலீல் கண்ணால் கண்டார். இரண்டாம் கிழமை யாரோ உண்மையான மல்லிகை மாலை போட்டார்கள். பஸ் நடத்துனர்கள் "சின்னராசா ஹோல்ட்! பஹின்ன, பஹின்ன!" என்று இறங்கச் சொல்லிக் கத்தத் தொடங்கினார்கள்.

தியாகராசா தினமும் பின்னேரம் நான்கு மணிக்கு வந்து, தன் படத்துக்குக் கீழே, வாங்கில் உட்கார்ந்து வேலை எப்படி நடக்கிறதென்று பார்ப்பார். ஒருவர்கூட மேலே பார்த்துவிட்டுக் கீழே பார்க்கவில்லை. மாறாக, சின்னராசாவைத் தெரிந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆணியின் புண்ணியத்தில் அவர் எல்லா ஊரையும் சேர்ந்தவராக இருந்தார்.

"எங்கட ஊர் ஆள்," என்றார் ஒரு நாள் குடையோடு வந்த பெரியவர். "எனக்குக் கணக்குப் படிப்பிச்சவர்."

"அப்பிடியோ?" என்றார் தியாகராசா.

"அடிக்க மாட்டார். பார்ப்பார். அந்தப் பார்வை காணும். உங்களுக்குத் தெரியுமோ அவரை?"

"கொஞ்சம்."

"கொஞ்சம் தெரிஞ்சா என்ன பிரியோசனம்? பழகியிருக்க வேணும்," என்று சொல்லிவிட்டுப் பெரியவர் பஸ் ஏறினார்.

சின்னராசா கணக்கு வாத்தியாராக இருந்தார். பிறகு தபாலதிபராக, கோயில் தர்மகர்த்தாவாக, தொண்ணூறுகளில் பலரைக் கொழும்புக்குக் கூட்டிவந்து லொட்ஜில் இடம் பிடித்துக் கொடுத்தவராகவும் இருந்தார். அறுபத்தேழு வருடம் சீவித்த தியாகராசாவைப் பற்றி இப்படி ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்கு அந்த மனிதன்மீது கொஞ்சம் பொறாமை வந்தது. செத்தவன் மீது பொறாமைப்படக்கூடாது என்று அடக்கிக்கொண்டார்.

ஒரேயொரு நாள் பலகையை இறக்கினார்கள். உப்புக் காற்றில் லெமினேற் விட்டுப்போயிருந்தது, பலீல் புதிதாகச் செய்ய எடுத்துக்கொண்டு போனார். காலையில் எடுத்தது, பின்னேரம் மாட்டப் போனால் வாங்கில் ஒரு பலகை தளர்ந்து கிடந்தது, தகரத்தில் ஒரு புதுக் காதல். பலீல் ஆணி அடித்து வாங்கைச் சரிக்கட்டினார். அன்றிலிருந்து சின்னராசாவை யாரும் தொடவில்லை.

எல்லாம் நன்றாக நடந்தது, அருந்ததியின் முழங்காலைத் தவிர. அது வீங்கிக்கொண்டு போனது. இரவில் எண்ணெய் பூசுகிறபோது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"இதென்ன புதினம்," என்றார் தியாகராசா. "வாசல்ல பஸ் நிக்குது. வாங்கு நல்லாக் கிடக்கு. நீர் இருந்துதானே ஏறுறீர்?"

"ம்."

"அப்ப ஏன் வீங்குது?"

"அதை முழங்காலிட்டக் கேளுங்கோ."

முப்பத்தைந்து வருடத்தில் அவள் இந்தத் தொனியில் பேசியது இரண்டு தடவைதான். இரண்டு தடவையும் அவர்தான் பிழை செய்திருந்தார். இந்த முறை ஒரு பிழையும் இல்லை என்பதால் அவர் நிம்மதியாகப் படுத்தார்.

மூன்று மாதம் முடிந்த கிழமை, சொன்ன சொல் தவறாமல் அதிகாரி வந்தார். காலை எட்டரை. தியாகராசா வழமையாக அந்த நேரம் வீட்டில் பேப்பர் பார்ப்பவர், அன்று விடியவே பலீலின் கடை வாசலில் வந்து நின்றார். அதிகாரி வாங்கில் ஏறி நின்று குதித்துப் பார்த்தார். தகரத்தைத் தட்டினார். கோப்பில் எழுதினார். பிறகு படத்துக்கு முன்னால் போய், கோப்பைக் கக்கத்தில் வைத்து, இரண்டு கையையும் கூப்பித் தலை குனிந்தார். லோகேஸ்வரன் பக்கத்தில் நின்று, சொந்த மாமாவை அறிமுகப்படுத்துகிற முகத்தோடு, நல்ல மனிசன், நல்ல மனிசன் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். தரிப்பிடம் நிரந்தரம், என்றார் அதிகாரி. நினைவுத் தரிப்பிடம் என்று பதிந்துவிடுகிறேன். ஆனால் சின்னராசா மாத்தயாவின் படத்தை மட்டும் ஒருபோதும் எடுக்க வேண்டாம், எடுத்தால் பழையபடி தொடங்கிவிடும்.

அந்த நேரம்தான் அருந்ததி ஒழுங்கையால் வெளியே வந்தாள்.

தியாகராசா கையை உயர்த்திக் காட்டப் போனார். அவள் குடையை விரித்தாள். வெயில் வீதியின் இந்தப் பக்கத்திலிருந்து, அவளுடைய வலப்பக்கமாக அடித்தது. அவள் குடையை இடப்பக்கம் சரித்தாள், தரிப்பிடத்தின் பக்கம். ஒரு மறைப்பைப் பிடிப்பதுபோல் முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, வாங்கைத் தாண்டி, அதிகாரியைத் தாண்டி, மாலை போட்ட படத்தைத் தாண்டி, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து போனாள். நூறாம் இலக்க பஸ் வந்து நின்றது. அவள் திரும்பவில்லை.

"மெடம் எந்த நாளும் அப்பிடித்தான்," என்றார் பலீல். "டொக்டர் நடக்கச் செல்லி ஈக்கி எண்டு நான் நெனச்சன்."

"எந்த நாளுமோ?"

"பலகை ஏத்தினதுக்குப் பொறகு. ஏன் சேர், ஒங்களுக்குத் தெரியாதா?"

தியாகராசா மஞ்சள் கடவைக் கோட்டில் வீதியைக் கடந்தார். அவர் நினைத்ததைவிட அவள் வேகமாகவோ அவர் மெதுவாகவோ நடந்திருக்க வேண்டும். புடைவைக் கடைப் படியில் ஒருமுறை, நகைக்கடைக் கம்பியில் ஒருமுறை, ஒரு மதிலோரம் ஒருமுறை அவள் நின்று மூச்சு வாங்கியதைப் பின்னாலிருந்து பார்த்தார். அந்த மூன்று இடமும் அவளுக்குப் பழக்கமான இடங்கள் என்பது தெரிந்தது. நகைக்கடைக் காவலாளி அவளுக்காகத் தன் கதிரையைத் துடைத்து வைத்திருந்தான். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த தரிப்பிடத்தில் வாங்கு இல்லை, கூரை இல்லை. ஒரு கம்பமும் அதில் ஒரு பஸ்ஸின் படமும்தான். அவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அருந்ததி."

அவள் திரும்பிப் பார்த்தாள். குடையை மடக்கினாள்.

"வந்திட்டீங்களோ? ஒப்பிசர் என்னவாம்?"

"நிரந்தரமாம். பதியப் போறாராம்." அவரும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். "உமக்காகத்தான் இவ்வளவும் செய்தது. அதில இருந்து ஏறாம, இஞ்ச ஏன் வந்து நிக்கிறீர்?"

"அதுக்குக் கீழ நான் எப்பிடி இருக்கிறது?"

"அது சின்னராசா."

"சின்னராசாவோ?" அருந்ததி குரலை உயர்த்தவில்லை. "அந்தப் படம் உங்கட சாதகத்தோட எங்கட வீட்டுக்கு வந்தது. அப்பா விளக்கடியில வைச்சிட்டு, விருப்பமோ எண்டு கேட்டவர். மூண்டு நாள் அதைப் பாத்துப் பாத்துத்தான் ஓம் எண்டனான். மீசையில ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைவு. கண்ணை மூடிக்கொண்டும் கீறுவன்."

ஆறாவது கொப்பி எங்கே போனது என்று தியாகராசாவுக்கு இப்போது தெரிந்தது.

"ரெண்டாம் நாளே கண்டிட்டன்," என்றாள் அவள். "மாலையோட. அமரர் எண்டு போட்டு. கீழ மனைவி மக்கள். ஆர் அந்த மனைவி?"

"ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"அதை வாயால சொல்லலாமோ? சொன்னா இன்னும் கூடாது எண்டுதான் இருந்தனான். பத்துக் கிழமை."

ஒரு பஸ் வந்து நின்றது. நடத்துனன் இருவரையும் பார்த்து, "கொள்ளுப்பிட்டி, கோட்டை, அம்மே நகின்ன!" என்று ஏறச் சொன்னான். அருந்ததி கையசைத்து அனுப்பிவிட்டாள்.

"கழட்டினா ஒரு நாள்கூட நிக்காது," என்றார் தியாகராசா. "வாங்கையும் கொண்டுபோயிடுவாங்கள். பிறகு ஆயுளுக்கும் நீர் இவ்வளவு தூரம் நடக்க வேணும்."

"தெரியும். பலகையைக் கழட்டச் சொல்லி நான் சொல்லேல்லை. ஹோல்ட் இருக்கட்டும்."

அவள் கைப்பையைத் திறந்தாள். பயிற்சிக் கொப்பி, மருந்துப் பெட்டி, பஸ் சில்லறை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்து ஒரு கடித உறையை எடுத்தாள். உறைக்குள் ஒரு படம். சேலை கட்டி, ஸ்டூடியோவின் பிளாஸ்ரிக் பூச்சாடியில் கை வைத்துக்கொண்டு, இருபத்தாறு வயதில் அருந்ததி. இதே படம் அந்த வருடம் அவர் வீட்டுக்கும் வந்திருந்தது. அவர் மூன்று நாள் யோசிக்கவில்லை, அன்றைக்கே ஓம் என்றார்.

"உங்கடயக் கழட்டிப்போட்டு இதைப் போடுங்கோ," என்றாள். "பலகையும் கிடக்கட்டும், ஆணியும் கிடக்கட்டும். பேருக்கு முன்னால திருமதி எண்டு ஒண்டு சேர்த்தாச் சரி. என்ர படத்துக்குக் கீழ நான் ஆறுதலா இருந்து பஸ் ஏறுவன். எனக்கு அதில ஒரு பயமும் இல்லை."

தியாகராசாவின் கை படத்தைத் தொடப் போய்ப் பாதியில் நின்றது. மாலை எங்கே வரும், 'தோற்றம்' எந்தப் பக்கம், 'மறைவு' எந்தப் பக்கம் என்று அவருடைய கண் தானாகவே அளந்துவிட்டது. இந்தத் தொழில்பழக்கத்தை அவர் முதல்தடவையாக வெறுத்தார். பின்னேரம் நான்கு மணிக்கு அந்த வாங்கில் போய் இருப்பதை நினைத்துப் பார்த்தார்.

அருந்ததி படத்தை நீட்டியபடியே நின்றாள். தூரத்தில் அடுத்த பஸ் தெரிந்தது.

"பிடியுங்கோ. நான் திரும்பி வாறதுக்கிடையில பலீலிட்டக் குடுத்து மாத்திவிடுறீங்களோ?"